தனுஷ்கோடி வடகரையில் கயாக் சுற்று: அணைநீரில் பழகியவர்கள் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஆறு பேர். கே.ஆர்.பி. அணையிலும், மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் உள்ள நாகமரையிலும் கயாக் ஓட்டிப் பழகியவர்கள். மார்ச் மாதம் இராமேசுவரம் போகிறார்கள். வில்லூண்டி தீர்த்தத்தில் இறங்கி, ஓலைக்குடாவைச் சுற்றி அக்னி தீர்த்தம் வரை ஓட்டுவதாகத் திட்டம். அதை முடித்த கையோடு, தனுஷ்கோடியின் வடகரையை ஒட்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்பலாமா, என்னென்ன தேவை, போகிற வழியில் குருசடைத் தீவில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

போகலாம். ஆனால் அதே நாளில் வேண்டாம். அரிச்சல்முனை வரை வேண்டாம். போய்த் திரும்பும் பயணமாகவும் வேண்டாம். அதற்கென்று தனி நாள் ஒதுக்கி, ஒருவழியாகப் போய், முனைக்கு நன்றாக முன்னாலேயே கரையேறுவது என்று மாற்றிக்கொண்டால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதற்கு இணையான சுற்று அரிது. ஒரு பக்கம் ஆழமில்லாத பச்சைக் கடல், மறுபக்கம் ஆளில்லாத மணல். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்திருந்தால்தான் அங்கே காற்று மாறும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதலில் காற்று. பாம்பன் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். தென்கடலுக்கு இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலை நேரே வந்து சேரும். கரையில் மடிந்து விழும் அலையில் கயாக்கை இறக்குவதும் ஏற்றுவதும் தனிப் பயிற்சி. வடகடல் ஆழம் குறைந்தது, மூன்று பக்கமும் நிலமும் திட்டும் அடைத்தது. அங்கே எழுவது பெரும்பாலும் காற்றடித்து எழும் குட்டையான, நெருக்கமான அலை. சீக்கிரம் எழும், காற்று விழுந்ததும் சீக்கிரம் அடங்கும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆடிக் காற்றில் நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் இடையில் எழும் அலைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அதனால் உங்கள் பழக்கம் வீண்போகாது. ஆறு பேருக்கும் வடகரைதான் சரி.

வடகரை எப்போது நல்லது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து வடகரையில் மோதும். கடல் கொந்தளிப்பாக இருப்பது கண்ணுக்கே தெரியும், யாரும் இறங்க மாட்டார்கள். மே மாதத்துக்கு மேல் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது வடகரை கண்ணாடி மாதிரி இருக்கும். தனுஷ்கோடி மணல்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. ஆனால் காற்றைத் தடுக்கப் பனைமரம்கூட வரிசையாக இல்லாத தாழ்ந்த மணல் அது. கரையோரம் அலை இல்லை, ஆனால் காற்று உங்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போனதும் அலை எழத் தொடங்கும், திரும்பினால் எதிர்க்காற்று. தள்ளும் திசையில் இருப்பது இலங்கைக் கடல். வாடைக்காலத்தின் முரட்டு அலையைவிடக் கச்சான் காலத்தின் அமைதியான நீர்தான் புதியவர்களுக்கு அதிக ஆபத்து.

இரண்டுக்கும் நடுவே, மாசி பாதியிலிருந்து பங்குனி கடைசி வரை, காற்று இளகியிருக்கும். நீங்கள் தேர்ந்த மார்ச் நல்ல தேர்வு. அப்போதும் காலை மட்டும்தான். வெயில் ஏறினால் கடல்காற்று கிளம்பும். பத்தரை, பதினொன்றுக்குள் படகுகள் மணலில் இருக்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, நீரோட்டம் மூன்றையும் வெளியிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கை இன்னொன்று. அதோடு பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், எண் 1 ஆக இருந்தாலும், அன்று கடல் கிடையாது. உங்கள் குழுவுக்கு நான் வைக்கும் எல்லை 10 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் காற்று. 11 நாட்டைத் தாண்டினால் வெள்ளை நுரைத்தலைகள் பரவலாகத் தெரியும். கரையில் நின்று பார்க்கும்போதே அப்படித் தெரிந்தால் இறங்க வேண்டாம். அதிலும் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் எல்லையை 7 நாட்டாகக் குறையுங்கள்.

இறங்கியதும் ஒரு சோதனை. கரையிலிருந்து நூறு மீட்டரில் எல்லாரும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஜிபிஎஸ்ஸில் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் நகர்ந்தீர்கள் என்று பாருங்கள். நூறு மீட்டர் நகர்ந்திருந்தால், ஒருவர் கவிழ்ந்து அவரை ஏற்ற கால்மணி நேரம் ஆகும் பட்சத்தில் முந்நூறு மீட்டர் போய்விடுவீர்கள். அந்த முந்நூறு மீட்டர் கடலுக்குள் என்றால் அன்றைய சுற்றை விடுங்கள், கரையை நோக்கி என்றால் போகலாம். எந்த முன்னறிவிப்பைவிடவும் இந்த ஐந்து நிமிடம் அந்த இடத்தின் உண்மையைச் சொல்லும்.

இனி வழி. முதல் நாள் வில்லூண்டியிலிருந்து ஓலைக்குடா வழியாகப் பத்து கிலோமீட்டர் சொச்சம். அதை அக்னி தீர்த்தத்தில் முடிக்காதீர்கள். அது நீராடும் துறை. அமாவாசை நாளென்றால் கால் வைக்க இடமிருக்காது, கூட்டத்துக்கு நடுவே கயாக் ஏற்றுவது தவறும்கூட. அதை அடுத்து விசைப்படகுகள் நூற்றுக்கணக்கில் நங்கூரமிட்டு நிற்கும். நங்கூரக் கயிறுகள் நீருக்கடியில் சாய்வாக ஓடும். ஓலைக்குடாவிலோ சங்குமாலிலோ உள்ளூர்க்காரர்களைக் கேட்டு ஏறிவிடுங்கள். இந்தக் கரைக்கு இணையாகப் பவளப்பார் ஓடுகிறது. நீர் வற்றியிருக்கும்போது படகின் அடி உரசும். தவறி இறங்கினால் பவளம் உடையும், காலும் கிழியும். பழுப்பாகத் தெரியும் இடம் பவளப்பார், பால்பச்சை மணல், கரும்பச்சை கடல்புல். போலராய்ட் கண்ணாடி போட்டால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் நாள் சுற்றுக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திட்டின் முதுகிலேயே ஓடுகிறது. அதனால் ஐந்து பேர் கடலில், ஒருவர் வண்டியில் என்று பிரியுங்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் இறங்கி, தனுஷ்கோடியை நோக்கித் தென்கிழக்காக எட்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். வரைபடத்தில் சாலைக்கும் வடகரைக்கும் தூரம் குறைவாக இருக்கும் மூன்று இடங்களை முன்கூட்டியே குறித்து, வண்டி அந்த மூன்றிலும் ஒவ்வொன்றாகக் காத்திருக்கட்டும். திரும்பி வரும் கணக்கே இல்லாததால் காற்று மாறினாலும் உங்களைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அடுத்த குறியில் ஏறிவிடலாம். இறங்கும் இடம், ஏறும் இடம் இரண்டையும் முந்தைய நாள் மாலை நடந்தே பாருங்கள். வரைபடத்தில் கரை என்று தெரிவது அங்கே முழங்கால் சேறாக இருக்கலாம்.

நேரக் கணக்கில் அணை வேகத்தைப் போடாதீர்கள். அணையில் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போகிறவர் கடலில் குழுவோடு நான்குதான் போவார். குழுவின் வேகம் மெதுவானவரின் வேகம். எட்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி. பக்கக்காற்றுக்கும் படம் எடுப்பதற்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் இரண்டு மணி நாற்பது நிமிடம். இருபது நிமிட ஓய்வு இரண்டு. ஆக மூன்று மணி இருபது நிமிடம். சோதனைச்சாவடியில் காலை ஆறு மணிக்கு மேல்தான் வண்டி விடுவார்கள் என்று வைத்தால், படகு இறக்கிக் கட்டிக் கிளம்ப ஏழு ஆகும். பத்தரைக்குள் முடியும். ஒன்பது மணிக்குப் பாதி தூரம், அதாவது நான்காவது கிலோமீட்டர் தாண்டவில்லை என்றால் அங்கேயே ஏறிவிடுவது என்று கரையில் இருக்கும்போதே முடிவுசெய்து, வண்டியில் இருப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் கொஞ்சம்தானே" என்றுதான் வரும்.

அரிச்சல்முனை ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு கடலும் முட்டும் இடம் அது. பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே நீர் போய்வர உள்ள சில வாய்களில், முனைக்கு அப்பால் தொடங்கும் மணல்திட்டுகளின் இடைவெளிகளும் சேர்த்தி. பருவத்துக்குப் பருவம் ஓட்டத்தின் திசை மாறும், ஆழம் மாறும், திட்டே இடம் மாறும். குளிக்கக்கூடாது என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. அதோடு, 1974 ஒப்பந்தம் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லை அந்தத் திட்டுகளின் ஊடாகப் போகிறது. ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் அது விபத்து என்று விளக்க வேண்டிய இடம் வேறு நாடாக இருக்கலாம். முனைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே கடைசிக் கரையேற்றம் இருக்கட்டும். முனையைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியில் போய்ப் பாருங்கள். இதே காரணத்துக்காகப் பாம்பன் பாலத்துக்கு அடியிலும் போக வேண்டாம்; அந்த வாயில் ஓட்டம் பலமானது.

அனுமதி இல்லாமல் இந்தச் சுற்றைத் தொடவே கூடாது. தங்கம், கடல் அட்டை என்று கடத்தல் நடக்கும் கரை இது. விடியற்காலையில் ஐந்து சிறு படகு என்றால் கேள்வி வரும், வரவும் வேண்டும். குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் இராமேசுவரத்தில் உள்ள கடலோரப் பாதுகாப்புக் குழும காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுங்கள். பெயர்கள், ஆதார் நகல், படகுகளின் எண்ணிக்கையும் நிறமும், இறங்கும் ஏறும் இடங்கள் வரைபடத்தோடு, நேரம், வண்டி எண், ஊரில் தொடர்புகொள்ள ஒருவர். இராமநாதபுரம் வனத்துறைக்கும் ஒரு நகல். தனுஷ்கோடி உப்பங்கழிப் பகுதியைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக 2025-இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. எது சரணாலய எல்லை, எங்கே போகலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மார்ச்சில் பூநாரைகள் அங்கே இருக்கக்கூடும். உள்கழிக்குள் நுழையாமல் கடல் பக்கமாகவே போங்கள். பறவைக்கூட்டம் கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். செயற்கைக்கோள் தொலைபேசி இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு நண்பர் தருகிறார் என்று வாங்கி வந்துவிடாதீர்கள்.

துணைப்படகு கட்டாயம். உள்ளூர் நாட்டுப்படகு ஒன்றை அரை நாளுக்குப் பேசுங்கள். விசைப்படகும் நாட்டுப்படகும் வாரத்தில் நாள் பிரித்துக் கடலுக்குப் போகும் ஏற்பாடு அங்கே உண்டு. எந்த நாளில் ஆள் கிடைப்பார்கள், எந்தக் காலை கரையோரம் நெரிசல் குறைவு என்பதைக் கேட்டுவிட்டு உங்கள் தேதியை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடலில் உதவிக்கு ஆள் குறைவு. படகோட்டும் அண்ணனிடம் மூன்று விஷயம் முன்பே பேசிவிடுங்கள்: கயாக்குகளுக்குக் கடல் பக்கம், ஐம்பது மீட்டர் தள்ளியே வர வேண்டும், நீரில் ஆள் இருக்கும்போது இயந்திரம் ஓடக் கூடாது, வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்று பயணம் இல்லை. மூன்றாவதை நீங்கள் மதிப்பீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் வாய்திறந்து சொல்வார்.

படகு பற்றி. நீங்கள் அணையில் ஓட்டும் பத்தடி, மேலே உட்காரும் வகை இந்த எட்டு கிலோமீட்டருக்குப் போதும், காற்று எல்லையை மதித்தால். கவிழ்ந்தாலும் நீர் தேங்காது என்பது அதன் பலம். பக்கக்காற்றில் முகம் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பது குறை. பின்னால் ஸ்கெக், அதாவது படகை நேராகப் போகவைக்கும் அடித்தகடு, இல்லாததை எடுத்து வர வேண்டாம். காற்றடைத்த கயாக் இந்தக் கரைக்குச் சரிவராது. நீருக்கு மேல் உயரமாக நிற்பதால் காற்று எளிதில் தூக்கிப்போகும், கரையோரச் சிப்பியில் கிழியும். உள்ளே உட்காரும் வகையென்றால் முன்னும் பின்னும் நீர் புகாத தடுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பறை இல்லாத படகு நிரம்பினால் இரண்டு பேராலும் கவிழ்த்து வடிக்க முடியாது.

உயிர்காப்புச் சட்டை முழு நேரமும் உடம்பில். பரிசல்துறையில் தரும் ஆரஞ்சு நிறச் சட்டை நீரில் விழுந்ததும் காதுவரை ஏறிவிடும். துடுப்பு போடக் கையும் ஓடாது. இடுப்பில் இறுக்கும், கயாக்குக்கென்று தைத்த சட்டை வாங்குங்கள், விசில் கட்டுங்கள். குழுவுக்கு 15 மீட்டர் மிதக்கும் இழுவைக் கயிறு இரண்டு, உபரித் துடுப்பு ஒன்று, நீர்புகாப் பையில் கைபேசி இரண்டு. திட்டில் சிக்னல் பல இடங்களில் விழும், சில இடங்களில் இலங்கைக் கோபுரத்தைப் பிடிக்கும். நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்திலேயே நிறுத்திவையுங்கள். 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரக் காவல்துறை. இரண்டையும் எல்லாக் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள், வண்டியில் இருப்பவரும்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், ஓஆர்எஸ் இரண்டு பொட்டலம். திட்டில் நிழல் கிடையாது. சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் கடலை உருண்டையும் தாங்கும். முழுக்கை சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, அடி தடித்த காலணி. மணலில் கால் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். முள் குத்தினால் தாங்கும் அளவு சூடான நீரில் அரைமணியிலிருந்து ஒன்றரை மணிவரை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும், அதற்காக வண்டியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர். பிறகு மருத்துவமனை.

திட்டின் கரையில் கரைவலை இழுப்பார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்டு இரண்டு முனையையும் கரையிலிருந்து இழுப்பது. கயிறு நீருக்கடியில் தெரியாது. கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் இழுத்தால், அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே போகவே கூடாது. வலையின் வெளிவளைவுக்கும் அப்பால் சுற்றுங்கள், காற்று வெளியே தள்ளும் நாளென்றால் முன்னாலேயே கரையேறிக் காத்திருங்கள். இழுப்பு முடிய நேரம் பிடிக்கும், அது அவர்கள் பிழைப்பு. கடல்புல் மேட்டில் ஆமையோ ஆவுளியா என்னும் கடல்பசுவோ மூச்செடுக்க வந்தால் துடுப்பை நிறுத்துங்கள், பின்தொடர வேண்டாம். சங்கு, பவளத் துண்டு, எதையும் எடுக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்த துண்டு என்பது சாக்கு ஆகாது.

இவ்வளவுக்கும் முன் நாகமரையில் மூன்று சோதனை. அமைதியான காலையில் வேண்டாம், காற்றடிக்கும் பிற்பகலில், ஒரு பரிசலோ படகோ பக்கத்தில் இருக்க. ஒன்று, ஆறு பேரும் ஆழத்தில் கவிழ்ந்து, துணையோடு நான்கு நிமிடத்துக்குள் ஏறி உட்கார வேண்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை. முதல் முறை எல்லாரும் ஏறிவிடுவார்கள். களைத்த பிறகு ஏற முடிகிறதா என்பதே கேள்வி. இரண்டு, எதிர்க்காற்றில் ஒரு கிலோமீட்டரை இருபது நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். மூன்று, ஒருவரை இன்னொருவர் ஐந்நூறு மீட்டர் இழுத்துப் போக வேண்டும். இதில் தேறாதவர் வண்டி ஓட்டட்டும். அது குறைந்த வேலை இல்லை. கரையில் நிதானமான ஒருவர் இருப்பதில்தான் இந்தத் திட்டமே நிற்கிறது.

சாலைப் பயணம் பற்றிச் சுருக்கமாக. தர்மபுரியிலிருந்து சேலம், மதுரை வழியாக ஏறக்குறைய 470 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து இன்னும் ஐம்பது கூடுதல். இரவெல்லாம் ஓட்டி வந்து காலையில் கடலில் இறங்க வேண்டாம், ஒரு நாள் முன்னதாக வந்து தூங்குங்கள். கூரையில் படகுகளைக் கவிழ்த்துக் கட்டி, முனைகளிலிருந்து பம்பருக்குத் தனிக் கயிறு போடுங்கள். தொப்பூர் இறக்கத்துக்கு முன்னும், பாம்பன் பாலத்துக்கு முன் மண்டபத்திலும் நிறுத்தி வார்களைப் பாருங்கள்; பாலத்தின் மேல் பக்கக்காற்று கூரைச்சுமையைப் பிடித்து இழுக்கும். வெயிலில் பிளாஸ்டிக் படகு இளகும், வாரை அளவுக்கு மேல் இறுக்கினால் அடிப்பாகம் குழிந்துவிடும்.

குருசடையில் இறங்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: உங்கள் கயாக்கில் கூடாது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று; அனுமதியின்றி எந்தத் தீவிலும் கால் வைக்க முடியாது, படகை ஒட்டி நிறுத்தவும் முடியாது. அந்தத் தீவுக்கு வனத்துறையே சுற்றுலாப் படகு விடுகிறது, பாம்பன் தீவில் உள்ள குந்துகால் பக்கத்திலிருந்து புறப்படும். கடலும் காற்றும் பார்த்தே விடுவார்கள் என்பதால், அனுமதிக் கடிதம் கொடுக்கப் போகும்போதே உங்கள் தேதியில் படகு ஓடுமா என்று கேட்டு, மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் கரையேறியதும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மறக்கக்கூடாதது ஒன்று: ஐந்து பேரும் ஏறிவிட்டோம் என்று கடலோரக் காவல் நிலையத்துக்கும் துணைப்படகுக்காரருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் உங்களைத் தேடிக் கடலுக்குப் போக வேண்டியிருக்கும்.